ஜிபிஏ 3-க்குக் கீழே இருந்தால் அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிக்கு எப்படி விண்ணப்பிப்பது?

அமெரிக்காவில் பல் மருத்துவராக முதலில் நான்கு வருட இளநிலைப் படிப்பு, அப்புறம் நான்கு வருடப் பல் மருத்துவக் கல்லூரி. பட்டத்தின் பெயர் சில கல்லூரிகளில் டிடிஎஸ், சிலவற்றில் டிஎம்டி. இரண்டும் ஒன்றுதான், அதில் குழப்பம் வேண்டாம். சேருகிறவர்களின் ஜிபிஏ (ஏ-க்கு 4, எஃப்-க்கு 0 என்று கணக்கிடும் மதிப்பெண் சராசரி) இப்போது சராசரியாகச் சுமார் 3.6. உங்களுடையது 2.7, 2.9, 3.1 என்று நின்றுவிட்டதா? இந்தக் கட்டுரை உங்களுக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்ததைச் சொல்லிச் சொல்லியே உங்களைத் துளைக்கும் அப்பா அம்மாவுக்கும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைந்த ஜிபிஏ உள்ளவர்களுக்கு இடம் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அவசரப்பட்டு விண்ணப்பித்தவர்களுக்கு அது அரிது. பட்டம் வாங்கிய கையோடு 20 கல்லூரிக்குப் பணம் கட்டி அனுப்பிவிட்டு, “எங்கேயாவது ஒன்று விழாதா” என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். உங்கள் மதிப்பெண் பதிவேடு இன்னும் மாறவில்லை என்றால் விண்ணப்பத்தை ஒரு வருடமோ இரண்டு வருடமோ தள்ளிப்போடுங்கள். கீழே உள்ளவை எல்லாம் அந்த இடைவெளியில் செய்யவேண்டிய வேலைகள்.

படி 1: உங்கள் உண்மையான ஜிபிஏ எது என்று கணக்குப் போடுங்கள்

கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியலில் (டிரான்ஸ்கிரிப்ட்) அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். பெரும்பாலான பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு ஏஏடிஎஸ்ஏஎஸ் என்ற பொது விண்ணப்பம் வழியாகத்தான் போகவேண்டும். அது உங்கள் ஜிபிஏவைத் தானே புதிதாகக் கணக்கிடும். உங்கள் கல்லூரி ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய மதிப்பெண்ணை நீக்கிவிடலாம். ஏஏடிஎஸ்ஏஎஸ் நீக்காது. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் முதலில் எஃப், அப்புறம் ஏ என்றால் உங்கள் கல்லூரிக் கணக்கில் 4.0, இவர்கள் கணக்கில் அந்த இரண்டும் சேர்ந்து 2.0. ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3 என்று பிளஸ் மைனஸ் எல்லாம் கணக்கில் வரும்.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரி) எடுத்த டூயல் என்ரோல்மென்ட் பாடங்களும் இதில் சேரும். பலர் மறக்கும் இடம் இதுதான். 16 வயதில் விளையாட்டாக எடுத்த ஒரு சி கிரேடு இங்கே வந்து நிற்கும். விட்டுவிடலாமா என்று நினைக்கவே நினைக்காதீர்கள். படித்த எல்லாக் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டும் போயாக வேண்டும், மறைப்பது மதிப்பெண்ணைவிடப் பெரிய பிரச்சினை.

ஒரு விரிதாளைத் திறந்து பாடம், கிரெடிட், கிரேடு, வருடம் என நான்கு பத்தியில் எல்லாவற்றையும் எழுதுங்கள். அதிலிருந்து மூன்று எண்கள் வேண்டும்: மொத்த ஜிபிஏ, அறிவியல் ஜிபிஏ, வருடவாரியான ஜிபிஏ. கல்லூரிகளுக்குப் போகும் அறிக்கையிலும் இவை தனித்தனியாகத்தான் தெரியும். உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றை மட்டும் சேர்த்த பிசிபி என்ற எண்ணும் உண்டு.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் விளையாடிப் பார்ப்பது நல்லது. 120 கிரெடிட்டில் 2.8 வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் 30 கிரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினால் மொத்தம் 3.04. அவ்வளவுதானா என்று தோன்றும். 60 கிரெடிட் எடுத்து அத்தனையிலும் ஏ வாங்கினாலும் 3.2-ஐத் தாண்டாது. மொத்த ஜிபிஏ அசைய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஆனால் அறிவியல் ஜிபிஏவைப் பாருங்கள்: பழையது 50 கிரெடிட்டில் 2.6, புதிய 30-உம் அறிவியல் பாடம், எல்லாம் ஏ. இப்போது 3.12-ஐத் தாண்டிவிடும். அரைப் புள்ளிக்கு மேல் ஏறியிருக்கிறது. கடைசி 30 கிரெடிட்டைத் தனியாகப் பார்ப்பவருக்கு 4.0 தெரியும். தேர்வுக் குழுவில் உங்கள் கோப்பைப் பொறுமையாகப் படிக்கிறவர் கவனிப்பது இந்தக் கடைசி எண்ணைத்தான். நீங்கள் 3.6-ஐத் துரத்த வேண்டாம். 3.0-ஐத் தாண்டுவதும், சமீபத்திய அறிவியல் பாடங்கள் சுத்தமாக இருப்பதும்தான் இலக்கு. 3.0 ஏன் என்றால், கோப்பைத் திறப்பதற்கு முன்பே எண்ணை வைத்து வடிகட்டும் கல்லூரிகள் உண்டு. அந்த வடிகட்டியைத் தாண்டினால்தான் மற்றதைப் படிக்கவே ஆள் கிடைக்கும்.

டெக்சாஸ்காரர்களுக்கு மட்டும் ஒரு கிளைக்கதை. அங்கே விண்ணப்ப வழியே வேறு: டிஎம்டிஎஸ்ஏஎஸ். அது பிளஸ் மைனஸைப் பார்ப்பதில்லை. பி பிளஸ் என்றாலும் பி, ஏ மைனஸ் என்றாலும் ஏ. நிறைய ஏ மைனஸ் வைத்திருப்பவருக்கு இது லாபம். ‘அகாடமிக் ஃப்ரெஷ் ஸ்டார்ட்’ என்ற மாநிலச் சட்டமும் உண்டு: 10 வருடத்துக்கு முந்தைய கல்லூரிப் பாடங்களை மொத்தமாகக் கணக்கிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். நல்ல மதிப்பெண்ணும் சேர்ந்தே போய்விடும், பாடங்களைத் திரும்பப் படிக்கவேண்டும். வேறு துறையில் வேலை பார்த்துவிட்டு 30-களில் திரும்பி வருகிறவருக்கு இது நிஜமான வழி. 23 வயதுக்காரருக்குப் பயன்படாது.

படி 2: ஏன் குறைந்தது என்று நேர்மையாகப் பாருங்கள்

வருடவாரி எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். முதல் வருடம் 2.1, கடைசி வருடம் 3.6 என்றால் உங்கள் வேலை பாதி முடிந்தது. இப்போது அதை நீட்டிக் காட்டவேண்டும், அவ்வளவுதான். நான்கு வருடமும் 2.9 என்று நேர்கோடாக இருந்தால் பிரச்சினை படிக்கும் முறையில் இருக்கிறது. கடைசி இரண்டு வருடம் இறங்கியிருந்தால்தான் மிகக் கஷ்டம், ஏனென்றால் குழு கேட்கும் முதல் கேள்வி “இப்போது மட்டும் என்ன மாறியிருக்கிறது?” என்பதாக இருக்கும்.

காரணம் வெளியிலிருந்து வந்திருக்கலாம். வாரத்துக்கு 25, 30 மணி நேர வேலை, உடல்நலம், எச்1பி என்ற வேலை விசாவில் இருந்த அப்பாவுக்கு வேலை போய், 60 நாளுக்குள் அடுத்த வேலை கிடைக்குமா என்று வீடே தூங்காமல் கிடந்த செமஸ்டர். நம் குடும்பங்களில் இதையெல்லாம் வெளியே சொல்லும் வழக்கம் இல்லை, ஆனால் விண்ணப்பத்தில் சொல்லலாம்; எப்படி என்று பின்னால் வருகிறேன். சில சமயம் காரணம் இன்னும் எளிது: பள்ளியில் படிக்காமலே ஏ வாங்கிப் பழகியவருக்குக் கல்லூரியில் படிக்கத் தெரியவில்லை. எதுவானாலும் அது தீர்ந்த பிறகுதான் அடுத்த பாடத்துக்குப் பணம் கட்டவேண்டும். தீராமல் போய் அங்கேயும் பி மைனஸ் வாங்கினால் சொல்வதற்குக் கதையே மிஞ்சாது.

படி 3: புதிய பாடங்கள் எங்கே எடுப்பது?

மூன்று வழிகள் உண்டு. பட்டம் முடித்தபின் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் டிகிரி இல்லாமல் தனிப் பாடங்களாக எடுப்பது முதல் வழி. இதைத்தான் சும்மா போஸ்ட்-பேக் என்பார்கள். இரண்டாவது, கல்லூரிகளே நடத்தும் முறையான போஸ்ட்-பேக் திட்டம். ஆலோசகர், பரிந்துரைக் கடிதம் எல்லாம் அதிலேயே கிடைக்கும், செலவும் கூடும். மூன்றாவது, ஒரு வருடமோ இரண்டு வருடமோ நடக்கும் சிறப்பு மாஸ்டர்ஸ். பாஸ்டன் யூனிவர்சிட்டி, டஃப்ட்ஸ், ரட்கர்ஸ், மிட்வெஸ்டர்ன் போன்ற இடங்களில் இந்த மாதிரி மருத்துவ அறிவியல் மாஸ்டர்ஸ் இருக்கின்றன. அந்த நான்குமே பல் மருத்துவக் கல்லூரியும் நடத்துகின்றன என்பதைக் கவனியுங்கள்.

இவற்றுக்குள் உள்ள முக்கியமான வித்தியாசத்தைப் பலர் பணம் கட்டிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். போஸ்ட்-பேக் மதிப்பெண் உங்கள் இளநிலை ஜிபிஏவோடு சேர்ந்து அதை உயர்த்தும். மாஸ்டர்ஸ் மதிப்பெண் சேராது. அது முதுநிலை ஜிபிஏ என்று தனியாக நிற்கும். மாஸ்டர்ஸில் 3.9 வாங்கினாலும் இளநிலை 2.7 அப்படியே 2.7-தான். அதனால் என் கருத்து இது: 2.9-க்குக் கீழே இருப்பவர்கள் முதலில் போஸ்ட்-பேக் எடுத்து 3.0-ஐ நெருங்கட்டும், தேவைப்பட்டால் அப்புறம் மாஸ்டர்ஸ். 3.0-க்கும் 3.3-க்கும் நடுவில் இருப்பவருக்கு மாஸ்டர்ஸ் நேராகவே பொருந்தும்.

மாஸ்டர்ஸ் ஒரு சூதாட்டம் என்பதையும் சொல்லவேண்டும். பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் அதே கனத்தில் பாடங்கள் வரும். அதில் 3.7 வாங்கினால் “இவர் எங்கள் முதல் வருடத்தைத் தாங்குவார்” என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. 3.0 வாங்கினால் பழைய சந்தேகத்தை நீங்களே பணம் கட்டி உறுதிப்படுத்தியது போல ஆகிவிடும். “எங்கள் மாஸ்டர்ஸ் முடித்தால் நேர்காணல் உண்டு” என்று சொல்லும் திட்டங்களில், எத்தனை ஜிபிஏ, பல் மருத்துவ நுழைவுத் தேர்வான டாட்டில் எத்தனை மதிப்பெண் என்ற நிபந்தனையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள் என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதுவே பதில்.

என்ன பாடம் எடுப்பது? உயிரியல், பொது வேதியியல், ஆர்கானிக், இயற்பியல் ஆகிய அடிப்படைப் பாடங்கள் ஒவ்வொன்றிலும் பொதுவாக ஆய்வகத்தோடு 8 செமஸ்டர் கிரெடிட் கேட்பார்கள். பயோகெமிஸ்ட்ரியும் பெரும்பாலும் வேண்டும். இவற்றில் சி மைனஸ், டி, எஃப் இருந்தால் திரும்ப எடுத்தே ஆகவேண்டும். சி இருந்தால் எல்லாவற்றையும் திரும்ப எடுப்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை. அந்த நேரத்தில் பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, அனாட்டமி, ஃபிசியாலஜி, ஹிஸ்டாலஜி, இம்யூனாலஜி என்று மேல்நிலைப் பாடங்களில் ஏ வாங்குங்கள். ஆர்கானிக்கில் சி, பயோகெமிஸ்ட்ரியில் ஏ என்றால் படிப்பவருக்குச் செய்தி புரிந்துவிடும். செமஸ்டருக்கு ஒரு பாடம் என்று எட்டு செமஸ்டர் இழுக்காதீர்கள். பல் மருத்துவக் கல்லூரியின் முதல் வருடப் பாடச்சுமை மிகப் பெரியது. 12 முதல் 15 கிரெடிட் அறிவியலை ஒன்றாகச் சமாளித்துக் காட்டினால்தான் அதற்குப் பதில் சொன்னதாக ஆகும். கம்யூனிட்டி காலேஜ் மலிவுதான், ஆனால் அங்கே எடுத்த அறிவியல் பாடங்களை விரும்பாத கல்லூரிகள் உண்டு. உங்கள் பட்டியலில் உள்ள கல்லூரிகளின் தளத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விசா விஷயம். எச்4-இல் (எச்1பி வைத்திருப்பவரின் குடும்பத்துக்கான விசா) வளர்ந்த பிள்ளைகள் 21 வயதில் எஃப்1 என்ற மாணவர் விசாவுக்கு மாறவேண்டி வருகிறது. எஃப்1-இல் இருப்பவர் ஒரு முறையான படிப்பில் முழுநேரமாகச் சேர்ந்திருக்கவேண்டும் என்பதால், தனித்தனிப் பாடமாக எடுக்கும் போஸ்ட்-பேக் பெரும்பாலும் ஒத்துவராது. மாஸ்டர்ஸ்தான் நடைமுறை வழி. முடிவெடுக்கும் முன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் பேசிவிடுங்கள்.

இன்னும் முதல், இரண்டாம் வருடத்தில் இருப்பவர் இதைப் படித்தால்: எஸ்எச்பிஇபி என்ற இலவசக் கோடைப் பயிற்சி முகாம் பல பல்கலைக்கழகங்களில் நடக்கிறது, குறைந்தபட்ச ஜிபிஏ 2.5 போதும். குடியுரிமை, கிரீன் கார்டு, டாகா (சிறுவயதில் ஆவணமின்றி வந்தவர்களுக்கான பாதுகாப்பு) இவற்றில் ஒன்று இருக்கவேண்டும்.

படி 4: டாட் தேர்வு

ஜிபிஏ குறைந்தவருக்கு டாட் ஒன்றுதான் சில மாதங்களில் மாற்றக்கூடிய எண். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் நடத்துகிறது, பிரோமெட்ரிக் மையத்தில் கணினியில் எழுதவேண்டும். இயற்கை அறிவியல் 100 கேள்வி, 90 நிமிடம்: உயிரியல் 40, பொது வேதியியல் 30, ஆர்கானிக் 30. அப்புறம் பெர்செப்சுவல் எபிலிட்டி என்ற வடிவ அறிவுத் தேர்வு 90 கேள்வி, 60 நிமிடம். வாசிப்பு 50 கேள்வி, 60 நிமிடம். கணக்கு 40 கேள்வி, 45 நிமிடம்.

2025 மார்ச் முதல் மதிப்பெண் அளவு மாறிவிட்டது. முன்பு 1 முதல் 30 வரை. இப்போது 200 முதல் 600 வரை, 10 புள்ளி இடைவெளியில். அக்கா, அண்ணன் யாராவது “நான் 21 வாங்கினேன்” என்றால் அது பழைய அளவு. இரண்டையும் ஒப்பிடச் சங்கத்தின் அட்டவணையைப் பாருங்கள். கல்லூரிகள் வெளியிடும் சராசரியில் எந்த அளவு என்று பார்க்காமல் பயப்படாதீர்கள்.

ஒரு கல்லூரியின் சராசரி டாட் மதிப்பெண்ணுக்குக் கீழே இருந்தால், ஜிபிஏவும் கீழே இருக்கும்போது, அந்தக் கல்லூரி உங்களுக்கு இல்லை. சராசரிக்கு மேல் வேண்டும். குறிப்பாக அறிவியல் பகுதியில். பழைய ஆர்கானிக் சி-யை மறுத்துப் பேசும் சாட்சி அதுதான். வடிவத் தேர்வில் மடித்த தாளில் ஓட்டை போட்டால் விரிக்கும்போது எங்கே தெரியும், கோணங்களில் எது சிறியது என்பது மாதிரிக் கேள்விகள் வரும். இது பயிற்சியால் மட்டுமே வரும், தினம் அரைமணி நேரம் போதும். முழு நீள மாதிரித் தேர்வுகளில் நீங்கள் விரும்பும் மதிப்பெண் தொடர்ந்து வரும்வரை நிஜத் தேர்வுக்குப் பதிவு செய்யாதீர்கள். திரும்ப எழுதலாம்தான், ஆனால் முந்தைய மதிப்பெண்ணும் கல்லூரிக்குத் தெரியும். கட்டணமும் 500 டாலருக்கு மேல்.

படி 5: கிளினிக் அனுபவம்

பல் மருத்துவர் பக்கத்தில் நின்று பார்க்கும் ஷேடோயிங்கைப் பல கல்லூரிகள் 100 மணி நேரமாவது எதிர்பார்க்கின்றன. பெரும்பகுதி பொதுப் பல் மருத்துவத்தில் இருக்கட்டும். பார்ப்பதோடு நிறுத்தாமல் டென்டல் அசிஸ்டென்ட்டாக வேலைக்குச் சேருங்கள். பல மாநிலங்களில் முன்பயிற்சி இல்லாமலே எடுத்து, வேலையிலேயே கற்றுக்கொடுப்பார்கள். எக்ஸ்ரே எடுக்க மட்டும் மாநில விதிப்படி தனிச் சான்று தேவைப்படலாம். ஒரு வருடம் உறிஞ்சுகுழாய் பிடித்தவருக்கு இந்தத் தொழில் வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். நேர்காணலில் அது பேச்சிலேயே வெளிப்படும்.

கைத்திறன் பற்றிக் கேட்பார்கள். தையல், களிமண், வீணை, நகாசு வேலை, கோலம் எதுவாக இருந்தாலும் எழுதலாம், நிஜமாகச் செய்பவராக இருந்தால். பரதநாட்டிய அரங்கேற்றத்தை நம் பிள்ளைகள் எல்லோரும் எழுதுகிறார்கள். எழுதக்கூடாது என்றில்லை, அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம்.

படி 6: பரிந்துரைக் கடிதங்கள்

ஏஏடிஎஸ்ஏஎஸ்-இல் நான்கு கடிதம்வரை போடலாம். இரண்டு அறிவியல் பேராசிரியர், ஒரு பல் மருத்துவர் என்பது வழக்கமான கூட்டு. உங்கள் நிலையில் போஸ்ட்-பேக்கிலோ மாஸ்டர்ஸிலோ ஏ கொடுத்த பேராசிரியரின் கடிதம்தான் பொன். வகுப்பு ஆரம்பித்த இரண்டாம் வாரத்திலேயே அவருடைய அலுவலக நேரத்துக்குப் போய்ப் பேச ஆரம்பியுங்கள். கடைசி வாரத்தில் போய்க் கேட்டால் “நல்ல மாணவர், ஏ வாங்கினார்” என்று இரண்டு வரிக் கடிதம்தான் வரும். சில கல்லூரிகளில் ஆலோசனைக் குழுவே ஒரு கூட்டுக் கடிதம் தருவார்கள். குறைந்த ஜிபிஏ உள்ளவருக்குத் தர மறுக்கும் குழுக்களும் உண்டு. மறுத்தால் அதோடு கதை முடியவில்லை, தனிக் கடிதங்களை வைத்து விண்ணப்பிக்கலாம்.

படி 7: கட்டுரை

இடைவெளியையும் சேர்த்து 4,500 எழுத்து. இதில் மோசமான மதிப்பெண்ணுக்கு மூன்று வாக்கியத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது. முழுக் கட்டுரையும் விளக்கமாக இருந்தால் வாசிப்பவர் மனதில் மதிப்பெண் மட்டுமே தங்கும். ஒன்றுமே சொல்லாமல் விட்டால் மறைக்கிறார் என்று தோன்றும்.

நான் சொல்லும் அச்சு இதுதான்: என்ன நடந்தது, என்ன மாற்றினேன், அதன் விளைவு எண்ணில். உதாரணமாக: “இரண்டாம் வருடம் குடும்பத்துக்காக வாரம் 30 மணி நேரம் வேலை பார்த்தேன், ஆர்கானிக்கில் சி மைனஸ். வேலையை 10 மணி நேரமாகக் குறைத்து, தினமும் பழைய கேள்விகளைப் போட்டுப் பார்க்கும் பழக்கத்துக்கு மாறினேன். அதன்பின் எடுத்த ஆறு அறிவியல் பாடங்களில் ஐந்தில் ஏ.” புலம்பலும் இல்லை, பேராசிரியர் மேல் பழியும் இல்லை. இந்த மூன்றாவது வாக்கியம் உங்களிடம் இன்னும் இல்லை என்றால் நீங்கள் விண்ணப்பிக்கும் வருடம் இன்னும் வரவில்லை. மீதிக் கட்டுரை முழுக்கப் பல் மருத்துவம் ஏன், எங்கே பார்த்தேன், என்ன செய்தேன் என்பதற்கு. “சிறுவயதில் எனக்குக் கம்பி போட்டார்கள், அன்றே முடிவு செய்தேன்” என்ற ஆரம்பத்தை ஒவ்வொரு வருடமும் எத்தனையோ பேர் எழுதுகிறார்கள்.

படி 8: எந்தக் கல்லூரிகள்?

நாட்டில் இப்போது 70-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பணம் வீணாவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். முதல் கல்லூரிக்கு 250 டாலருக்கு மேல், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 100 டாலருக்கு மேல், அதன்பின் பல கல்லூரிகள் தனியாக இரண்டாம் கட்டணம் வாங்கும். வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகைத் திட்டம் உண்டு. சமர்ப்பிப்பதற்கு முன்பே கேட்கவேண்டும்.

வசிக்கும் மாநிலத்தின் அரசுக் கல்லூரியை முதலில் போடுங்கள். சொந்த மாநிலத்தவருக்குச் சலுகை இருக்கும். அதே காரணத்தால் மற்ற மாநில அரசுக் கல்லூரிகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். வட கரோலினாவின் ஈஸ்ட் கரோலினா பல்கலைக்கழகம் அந்த மாநிலத்தவரை மட்டுமே சேர்க்கிறது, மிசிசிப்பியும் அப்படியே. டெக்சாஸில் வெளிமாநிலத்தவர் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. 2.9-ஐ வைத்துக்கொண்டு அந்தப் 10 சதவீதத்துக்குள் நுழைவது கஷ்டம்.

மீதி இடங்களைத் தனியார் கல்லூரிகளால் நிரப்புங்கள். நியூயார்க் யூனிவர்சிட்டி நாட்டிலேயே மிகப் பெரிய பல் மருத்துவக் கல்லூரி. பாஸ்டன், டஃப்ட்ஸ், நோவா சவுத்ஈஸ்டர்ன், மிட்வெஸ்டர்ன், டூரோ, ரோஸ்மன் எல்லாம் பிற மாநிலத்தவரைத் தாராளமாக எடுப்பவை. ஏ.டி. ஸ்டில், யூனிவர்சிட்டி ஆஃப் நியூ இங்கிலாந்து போன்றவை சமூக சுகாதார மையங்களிலும் கிராமப்புறத்திலும் வேலை செய்பவர்களை விரும்புகின்றன. இலவசப் பல் முகாமில் இரண்டு வருடம் நிஜமாக உழைத்தவருக்கு அங்கே கூடுதல் கவனம் கிடைக்கும். கிரீன் கார்டு இல்லாதவர்கள் வெளிநாட்டு மாணவரை எடுக்காத கல்லூரிகளை முதலிலேயே அடித்துவிடவேண்டும்; எச்4, எஃப்1 இரண்டையும் ஒவ்வொரு கல்லூரியும் எப்படி வகைப்படுத்துகிறது என்று மின்னஞ்சலில் கேளுங்கள். 12 முதல் 15 கல்லூரிகள் போதும் என்பது என் எண்ணம்.

காசுக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். கடன் வாங்கிப் படித்து முடிப்பவர்களின் சராசரிக் கடன் சுமார் 3 லட்சம் டாலர். உங்களை எடுக்க வாய்ப்புள்ள தனியார் கல்லூரிகள்தான் மிக விலை உயர்ந்தவையும்கூட. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன் கிடையாது. தொழிற்படிப்புக்கு மத்தியக் கடன் வருடத்துக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். மீதிக்குத் தனியார் வங்கிக் கடன், அதற்குப் பெரும்பாலும் பெற்றோர் கையெழுத்து. எஃப்1-இல் இருப்பவருக்கு மத்தியக் கடன் எதுவுமே இல்லை.

படி 9: எப்போது அனுப்புவது?

விண்ணப்பம் மே மாதம் திறக்கும். ஜூன் முதல் பாதியில் அனுப்பிவிடுங்கள். டிரான்ஸ்கிரிப்ட் சரிபார்ப்புக்கே வாரக்கணக்கில் ஆகும். பல கல்லூரிகள் விண்ணப்பம் வர வர நேர்காணலுக்கு அழைக்கும் முறையை வைத்திருக்கின்றன; செப்டம்பரில் போகும் 3.8 சமாளிக்கும், செப்டம்பரில் போகும் 3.0 சமாளிக்காது. இடம் கிடைத்த செய்தி டிசம்பர் மத்தியிலிருந்து வரத் தொடங்கும். கோடையில் எடுக்கும் பாடத்தின் மதிப்பெண் முக்கியம் என்றால் அடுத்த ஜூனுக்குக் காத்திருப்பதே மேல்.

நடுவில் வரும் கேள்வி: ஊருக்குப் போய் பிடிஎஸ் படித்தால்?

இந்த யோசனையை யாராவது ஒரு மாமா கட்டாயம் சொல்வார். பிடிஎஸ் என்பது இந்தியாவின் பல் மருத்துவப் பட்டம், பயிற்சியோடு ஐந்து வருடம். சேர நீட் எழுதவேண்டும். முடித்துவிட்டு அமெரிக்கா திரும்பினால் நேராகத் தொழில் செய்ய முடியாது. பல் மருத்துவ உரிமத்துக்கான ஐஎன்பிடிஇ தேர்வு எழுதி, வெளிநாட்டுப் பல் மருத்துவருக்கான இரண்டு, மூன்று வருடப் படிப்பில் இடம் பிடிக்கவேண்டும். அந்த இடங்கள் குறைவு, கட்டணம் அதிகம், போட்டியிடுகிறவர்களில் பலர் அங்கே வருடக்கணக்கில் தொழில் செய்தவர்கள். இளநிலைப் பட்டம் கையில் உள்ள ஒருவருக்கு இரண்டு வருடம் இங்கேயே பதிவேட்டைச் சரிசெய்வதைவிட இது நீளமான பாதை. இந்தியாவிலேயே தங்கித் தொழில் செய்யும் எண்ணம் இருந்தால் அது வேறு கணக்கு.

படி 10: நேர்காணலும், கிடைக்காவிட்டால் அடுத்த சுற்றும்

நேர்காணல் அழைப்பு வந்துவிட்டால் உங்கள் எண்ணைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். மதிப்பெண் பற்றிய கேள்விக்கு அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டு நிறுத்தத் தெரியவேண்டும். கண்ணாடி முன் பயிற்சி செய்வதைவிட, உங்களைத் தெரியாத ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள்.

விண்ணப்பிப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அந்த வருடம் இடம் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் வசந்த காலத்தில் ஒவ்வொரு கல்லூரிக்கும் எழுதி, என்ன குறை என்று கேளுங்கள். பல கல்லூரிகள் தொலைபேசியிலேயே சொல்வார்கள். “அறிவியல் பாடம் இன்னும் வேண்டும்” என்றால் அதைச் செய்துவிட்டுத்தான் திரும்ப வரவேண்டும், அது அடுத்த ஜூனுக்குள் முடியாது என்றாலும். “டாட் மட்டும்தான்” என்றால் ஒரே வருடத்தில் திரும்பலாம். நேர்காணலுக்குப் பின் காத்திருப்புப் பட்டியலில் இருந்தீர்கள் என்றால் மிக அருகில் இருக்கிறீர்கள்; புதிய மதிப்பெண், புதிய வேலை எது வந்தாலும் அந்தக் கல்லூரி ஏற்றுக்கொள்ளும் என்றால் உடனே தெரிவியுங்கள். இரண்டாம் முறை விண்ணப்பிக்கும்போது பழைய கட்டுரையை அப்படியே ஒட்டாதீர்கள். போன வருடக் கோப்பு கல்லூரியிடம் இருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பார்கள்.